மார்பு மறுசீரமைப்புக்கு முன் புகையிலையை விட்ட விதம்

புற்றுநோய்க்காக எடுத்த மார்பைத் திரும்ப உருவாக்கும் அறுவைதான் மார்பு மறுசீரமைப்பு. அதற்கு முன் புகையிலையை விட்டாக வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெண்களிடம் சிகரெட்டைவிட வெற்றிலை சீவலோடு போடும் புகையிலைதான் அதிகம். "நான் சிகரெட் பிடிப்பதில்லை" என்று டாக்டரிடம் சொல்லித் தப்பிக்கக் கூடாது. வாயில் அடக்கினாலும் நிக்கோடின் ரத்தத்தில் ஏறி நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மார்பை எடுத்தபின் மிஞ்சும் தோலும், புது மார்புக்காக வயிற்றிலிருந்து எடுத்துவைக்கும் சதையும் பிழைப்பது அந்தக் குழாய்களால்தான். ரத்தம் போகாவிட்டால் ஓரம் கறுக்கும், தையல் பிரியும், கீமோவோ கதிர்வீச்சோ தள்ளிப்போகும். அறுவைக்கு முன்னும் பின்னும் 4 வாரமாவது நிறுத்தச் சொல்வது அதற்குத்தான். மொத்தமாகவே விடுவது நல்லது.

வெற்றிலைச் செல்லத்தை வீட்டைவிட்டே அனுப்பியதுதான் எனக்குப் பாதி வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆசை முட்டும். சில நிமிஷம் தாக்குப்பிடித்தால் தணியும். அப்போது சோம்பு மெல்லலாம். கீமோவில் வாய் வெந்திருந்தால் அதுவும் எரியும், தண்ணீர் போதும். வெறும் சீவல் வேண்டவே வேண்டாம், பாக்கே புற்றுநோய் தருவது.

புகையிலை ஆசையை அடக்கத் தரும் நிக்கோடின் சூயிங்கம்மிலும் இருப்பது நிக்கோடின்தானே! அறுவை நெருங்கும்போது கேட்காமல் மெல்லாதீர்கள். அதே ஆசையைக் குறைக்கத் தரும் புப்ரோபியான் மாத்திரை, மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை வேலை செய்வதைக் குறைக்கக்கூடும். டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புகையிலையை நிறுத்த இலவச உதவி எண்: 1800-11-2356.