அமெரிக்கத் தொடர்களின் டைட்டில் கார்டில் நாம் தப்பாகப் படிப்பவை

ஒரு அமெரிக்கத் தொடரைப் பார்த்து முடித்த சூட்டோடு ஐஎம்டிபி இணையதளத்துக்குப் போய், கண்ணில் படும் முதல் பெரிய பெயருக்கே மொத்தப் புகழையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். பல நேரம் அது தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்கிறது.

முதல் குழப்பம் புரொடியூசர். நம் சினிமாவைப் பார்த்துப் பழகியதால் பணம் போட்டவர் என்றே நினைக்கிறோம். அங்கே பணம் ஸ்டூடியோவுடையது. டைட்டிலில் வரிசையாக வந்து போகும் புரொடியூசர்களில் பலர் எழுத்தாளர்கள்தான். புதிதாகச் சேருபவர் ஸ்டாஃப் ரைட்டர், அப்புறம் ஸ்டோரி எடிட்டர், கோ-புரொடியூசர், புரொடியூசர், சூப்பர்வைசிங் புரொடியூசர், கோ-எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர் என்று ஏறிக்கொண்டே போவார். ஒரே அறையில் உட்கார்ந்து கதை பேசுகிறவர்களுக்குள் நடக்கும் பதவி உயர்வு இது. ஆகவே "எழுதுவதை விட்டுவிட்டுத் தயாரிப்புப் பக்கம் போய்விட்டார்" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம், அநேகமாக அவருக்குச் சம்பளம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர்கள் எல்லோருமே எழுத்தாளர்கள் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் எபிசோடை இயக்கியவர், கதாநாயகன், சில சமயம் அவருடைய மேனேஜர் வரைக்கும் அந்தப் பட்டம் போகும். இவர்களில் தொடரை உண்மையில் நடத்துகிறவரைத்தான் ஷோரன்னர் என்கிறார்கள், ஆனால் அந்தப் பெயரில் டைட்டில் கார்டு போடுவதில்லை. 'போர்ட்வாக் எம்பயர்' (2010) தொடரை சினிமா இயக்குநர் ஸ்கார்சேஸியின் படைப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் இயக்கியது முதல் எபிசோடை மட்டும். உருவாக்கி நடத்தியவர் 'தி சோப்ரானோஸ்' எழுத்தாளர் அறையிலிருந்து வந்த டெரன்ஸ் வின்டர். டிவி நாடகத்தில் இயக்குநர்கள் பெரும்பாலும் எபிசோடுக்கு எபிசோட் மாறுவார்கள், கேப்டன் எழுத்தாளர்.

உருவாக்கியவர் என்ற பெயரும் ஏமாற்றும். 'இஆர்' என்ற ஆஸ்பத்திரித் தொடருக்கு அந்த இடத்தில் நாவலாசிரியர் மைக்கேல் கிரைட்டன் பெயர் இருக்கும். 1970களில் அவர் சினிமாவுக்காக எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் 1994-இல் தொடராக வந்து, 15 சீசன் ஓடி, 2009-இல்தான் முடிந்தது, ஆனால் ஆரம்ப வருடங்களில் அதை நாளுக்கு நாள் இழுத்துக்கொண்டு போனவர் ஜான் வெல்ஸ். 'தி வெஸ்ட் விங்' விஷயத்தில் இது தலைகீழ்: முதல் நான்கு சீசனை ஏறக்குறைய முழுசாக ஆரன் சார்க்கினே எழுதினார், 2003-இல் வெளியேறினார், மீதி மூன்று சீசன் மறுபடியும் இதே ஜான் வெல்ஸ் கையில். ஆறாவது சீசனைப் பார்த்துவிட்டு சார்க்கினைத் திட்டுவது அநியாயம், பாராட்டுவது அதைவிட அநியாயம்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது "திடீரென்று வந்து கலக்கினார்" வகைப் பேச்சு. 'தி சோப்ரானோஸ்' 1999-இல் வந்தபோது அதை உருவாக்கிய டேவிட் சேஸுக்கு 53 வயது. 1970களிலேயே 'தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்' தொடருக்கு எழுதியவர். வின்ஸ் கில்லிகன் 'பிரேக்கிங் பேட்' எடுப்பதற்கு முன்னால் வருடக்கணக்கில் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் உழைத்தார். மேத்யூ வைனர் ஒரு காமெடித் தொடரில் வேலை பார்த்துக்கொண்டே 'மேட் மென்' பைலட்டை, அதாவது முதல் எபிசோடை, எழுதினார், அதைப் படித்துத்தான் சேஸ் அவரைத் தன் 'சோப்ரானோஸ்' எழுத்தாளர் அறைக்குள் எடுத்தார், 'மேட் மென்' தொடரோ 2007-இல்தான் ஒளிபரப்பானது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினை நாவலாசிரியராக மட்டும் பார்ப்பவர்களுக்கு, அவர் 1980களில் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' தொடரில் எழுத்தாளராகவும் புரொடியூசராகவும் இருந்தது தெரியாது. பட்ஜெட் தாங்காது என்று அங்கே காட்சிகளை வெட்டி வெட்டிச் சலித்துப்போனதும் அவர் நாவலுக்குத் திரும்பியதற்கு ஒரு காரணம்.

ஒரு எழுத்தாளரின் ஐஎம்டிபி பட்டியலில் நடுவில் சில வருடங்கள் காலியாக இருந்தால் சும்மா இருந்தார் என்று அர்த்தமில்லை. பணம் வாங்கி எழுதிக் கொடுத்து, படமாகாமலே போன பைலட்டுகள் அதில் வராது.

சின்ன விஷயம் ஒன்று: இரண்டு பெயர்களுக்கு நடுவில் & குறி இருந்தால் ஜோடியாக எழுதுகிறவர்கள், 'அண்ட்' என்று எழுத்தில் இருந்தால் தனித்தனியாக வேலை செய்தவர்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விதி அது. ஒரு எபிசோடில் ஒரே பெயர் இருந்தாலும் கதையை எழுத்தாளர் அறை முழுவதும் சேர்ந்துதான் காட்சி காட்சியாக அமைத்திருக்கும், கடைசியில் ஷோரன்னர் கை வைத்திருப்பார், அதனால் பிடித்த வசனத்தை யார் கணக்கில் எழுதுவது என்று அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், பெரிய தொடரில் பெயர் வந்தால் கோடீஸ்வரர் என்ற நினைப்பு. 2023 வரைக்கும் ஒரு ஸ்டாஃப் ரைட்டர் எபிசோட் எழுதினாலும் வாரச் சம்பளத்துக்கு மேல் ஸ்கிரிப்டுக்குத் தனிப் பணம் கிடைக்காமல் போகலாம். அந்த வருடம் எழுத்தாளர்கள் 148 நாள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் அது மாறியது. முன்பு 22 எபிசோட் சீசனில் எழுத்தாளர் படப்பிடிப்புக்கும் போய், எடிட்டிங்கிலும் உட்கார்ந்து வேலை கற்பார். ஸ்ட்ரீமிங்கில் எட்டு, பத்து எபிசோட்தான், ஷூட்டிங் தொடங்குவதற்குள் பல எழுத்தாளர் அறைகளைக் கலைத்துவிடுகிறார்கள். 1995-இன் கோ-புரொடியூசரையும் இன்றைய கோ-புரொடியூசரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இன்று அந்தப் பட்டத்தோடு இருப்பவர்களில் சிலர் ஒரு செட்டில் நின்றதே கிடையாது.