ஸ்பீக்கருக்கும் இசைத்தட்டுக் கருவிக்கும் தாங்கி அமைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களின் பழைய வீடுகளில், தரை பலகையா சிமெண்டா என்பதை முதலில் பாருங்கள். பலகைத் தரையில் ஆள் நடக்கும்போது எழும் அதிர்வு இசைத்தட்டின் முள்வரை எட்டிவிடுவதால், அக்கருவியைத் தரையில் நிற்கும் மேசையில் வைக்காமல், செங்கல் சுவரில் உறுதியாகத் திருகப்பட்ட தட்டின்மேல் வைப்பதே நல்லது.

சிறிய ஸ்பீக்கர்களுக்கான தாங்கியை நாமே செய்துகொள்ளலாம். வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, தரையிலிருந்து காதுவரை உள்ள உயரத்தை அளந்து, அதிலிருந்து ஸ்பீக்கரின் அடிப்பகுதிக்கும் ட்வீட்டரின் (உச்ச ஒலிகளை எழுப்பும் சிறு பகுதியின்) நடுவுக்கும் இடையிலான தூரத்தைக் கழியுங்கள்; காது 95 சென்டிமீட்டரிலும் ட்வீட்டர் 30 சென்டிமீட்டரிலும் இருந்தால் தாங்கியின் உயரம் 65 சென்டிமீட்டர். மரத்தைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பால் வற்றியபின் வெட்டப்படும் ரப்பர் மரமே போதிய கனமும் உறுதியும் உடையது. ஆனால் மருந்தேற்றி உலர்த்தப்படாத ரப்பர் பலகையை வண்டு துளைத்துவிடும். ஊசிமுனைத் துளைகளிலிருந்து மாவுபோல் தூள் உதிரும் பலகையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நடுத்தூணுக்கு இரும்புக் குழாயைப் பயன்படுத்தினால், அது மணிபோல் அதிர்ந்து இசையோடு கலக்காதிருக்க, கழுவி வெயிலில் நன்கு காயவைத்த ஆற்றுமணலை உள்ளே நிரப்புங்கள். ஈரமணல் குழாயை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். டைல்ஸ் தரையானால், கீறல் விழாதிருக்க, தாங்கியின் கூர்முனைக் கால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நாணயம் வையுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதை மூடிய அலமாரிக்குள் வைக்கவே கூடாது.