பூசணம் பிடித்த சுவரைச் சுரண்டும் முன்

2018 ஆகஸ்டில் பவானி, குமாரபாளையம் காவிரிக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2022 ஆகஸ்டில் மறுபடியும். வெள்ளம் வடிந்ததும் எல்லாருக்கும் ஒரே அவசரம்: ஃபேனைப் போட்டு, பூசணத்தைச் சுரண்டிக் கூட்டி, வெள்ளையடித்துவிட வேண்டும்.

நனைந்த சுவரிலும் மரத்திலும் 24 முதல் 48 மணி நேரத்திலேயே பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். காய்ந்த கறுப்புத் திட்டில் உப்புத்தாளை ஒரு தடவை தேய்த்தால் போதும், ஜன்னல் வெயிலில் புகை மாதிரி தூசி எழும்பும். அதில் கலந்திருப்பது பூசணத்தின் வித்துகள். மேலே ஃபேன் ஓடினால் அடுப்படி, துணி பீரோ வரை போய்ப் படியும். ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

முதலில் மெயினை அணையுங்கள். அறை வாசலைப் பாலித்தீன் தாளால் தரைவரை மறைத்து டேப் ஒட்டுங்கள். செடிக்குத் தெளிக்கும் கை ஸ்பிரேயரில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, திட்டை நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். விழுந்த காரையை அங்கேயே பையில் கட்டி, தரையைச் சீமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிளீச்சிங் பவுடர் அடித்தால் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. செத்த பூசணமும் ஒவ்வாமை தரும். துடைத்து எடுத்தே ஆக வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது ஆளையே கொல்லும். ஜமக்காளத்தைத் துவைத்து வெயிலில் காயப்போட்டு மீட்கலாம். ஊறிப்போன இலவம்பஞ்சு மெத்தையை, மனசு கேட்காவிட்டாலும், தூக்கிப் போடுங்கள்.

"வெளிய காஞ்சிருச்சுங்க, பட்டி பாத்துறலாம்" என்பார் கொத்தனார். அவசரப்படாதீர்கள். ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் உரிந்து, பூசணம் திரும்ப வரும். பழைய தொட்டிக்கட்டு வீட்டின் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள்.

இந்தத் தூசியை அதிகம் சுவாசிப்பவர் காரை அள்ளும் சித்தாள் அக்காதான். மூக்கைச் சுற்றிய துண்டு நுண்தூசியைத் தடுக்காது. வேலை தொடங்கும் முன்பே அவருக்கும் கொத்தனாருக்கும் என்95 மாஸ்க் வாங்கி, நீங்களே கையில் கொடுங்கள்.