எரிமலை வீங்குவதை வீட்டிலிருந்தே அளப்பது எப்படி: சென்டினல்-1 ரேடாரோடு ஒரு முதல் பயிற்சி

பல எரிமலைகள் வெடிப்பதற்கு முன்னால் வீங்கும். அடியில் மாக்மா வந்து சேரச் சேர மேலே இருக்கும் பாறை கொஞ்சம் கொஞ்சமாக உப்பும், கொட்டித் தீர்ந்ததும் இறங்கிவிடும். சுமார் 693 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் இதைச் சென்டிமீட்டர் கணக்கில் பிடித்துவிடுகிறது. படங்கள் எல்லாருக்கும் இலவசம், அவற்றை வைத்துக் கணக்குப் போட்டுத் தரும் சர்வரும் இலவசம். உங்களிடம் ஒரு சாதாரண மடிக்கணினி, அதில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் ஒரு கணக்கு இருந்தால் போதும். கலர் கலராகப் படம் வரவழைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. வந்த கலர் தரையால் வந்ததா காற்றால் வந்ததா என்று முடிவு பண்ணுவதில்தான் மெனக்கெட வேண்டும்.

பழகுவதற்கு நான் யாருக்கும் சொல்வது சியெரா நெக்ரா எரிமலை. ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளில், இசபெலா தீவின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. 2005 அக்டோபரில் வெடித்து ஓய்ந்த பிறகு அதன் கால்டெராவின் தரை, அதாவது உச்சியில் இருக்கும் அந்தப் பெரிய பள்ளத்தின் அடித்தளம், 13 ஆண்டுகளில் சுமார் 6.5 மீட்டர் எழும்பியது. 2018 ஜூன் 26 அன்று மறுபடி வெடித்தது, அந்த வெடிப்பின்போது 8.5 மீட்டர் வரை இறங்கியது. இவ்வளவு பெரிய அசைவு கிடைக்கிற இடத்தில் பழகினால், சின்ன அசைவைத் தேடிக் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டாம்.

முதலில், ரேடார் என்ன அளக்கிறது?

செயற்கைக்கோள் ஓர் அலையை அனுப்புகிறது, தரையில் பட்டுத் திரும்பும் அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் குறித்து வைக்கிறது. சில நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடி குறிக்கிறது. இரண்டையும் கழித்தால் இன்டர்ஃபெரோகிராம். சென்டினல்-1இன் அலைநீளம் ஏறக்குறைய 5.55 செ.மீ.; அலை போய் வர இரண்டு முறை அந்தத் தூரத்தைக் கடப்பதால், தரை 2.8 செ.மீ. நகர்ந்தாலே கட்டம் முழுச் சுற்று சுற்றி நிறம் பழையபடி ஆரம்பிக்கும். மணி முள் இல்லாத கடிகாரம் மாதிரி: நிமிடம் தெரியும், எத்தனை மணி கடந்தது என்று தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு நிற வளையமும் 2.8 செ.மீ. என்று வெளியிலிருந்து மையத்துக்கு எண்ணிக்கொண்டே போகிறோம். அந்த எண்ணும் வேலையைக் கணினி செய்தால் அதற்குப் பெயர் அன்ராப்பிங்.

படி 1: ஜோடி பிடிப்பது

ரேடார் படங்களைத் தேடி எடுக்கும் இடம், அலாஸ்கா செயற்கைக்கோள் நிலையத்தின் வெர்டெக்ஸ் தளம். அங்கே போய் இசபெலாவின் தெற்குப் பகுதியைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து காட்டுங்கள். சென்டினல்-1, ஐடபிள்யூ முறை (நிலத்தை அகலமாகப் படம் எடுக்கும் வழக்கமான முறை), எஸ்எல்சி வகை (அலையின் கட்டமும் பதிவான படம்). இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்து 2018இன் முதல் ஐந்து மாதங்களுக்குள் ஒரு படத்தைச் சொடுக்கினால், பேஸ்லைன் தேடலில் அதே பாதையில் எடுத்த மற்ற படங்கள் எல்லாம் வரிசையாக வரும்.

எத்தனை நாள் இடைவெளி? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 13 ஆண்டில் 6.5 மீட்டர் என்றால் சராசரியாக ஆண்டுக்கு 50 செ.மீ., 24 நாளுக்கு 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், அதாவது ஒரு வளையம். வெடிப்பு நெருங்க நெருங்க வேகமும் கூடியதால் 24 அல்லது 36 நாள் ஜோடியில் ஒன்றிரண்டு வளையமாவது கண்ணில் படும். பெர்பெண்டிகுலர் பேஸ்லைன், அதாவது இரண்டு முறையும் செயற்கைக்கோள் இருந்த இடங்களுக்கு நடுவே உள்ள விலகல், குறைவாக இருப்பதை எடுங்கள்.

ஜூன் 26க்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எடுக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். முதல் தடவை வேண்டாம். மீட்டர் கணக்கில் தரை இறங்கிய இடத்தில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிவிடும், அன்ராப்பிங் என்ற பெயரில் கணினி தரும் எண் வெறும் கற்பனையாக இருக்கும்.

படி 2: சர்வருக்கு அனுப்புவது

கணக்குப் போட்டுத் தரும் அந்த இலவச சர்வரின் பெயர் ஹைப்3. ஜோடியை அதன் வரிசையில் இன்சார் வேலையாக, அதாவது இன்டர்ஃபெரோகிராம் போடும் வேலையாகச் சேர்த்து அனுப்புங்கள். பார்வைத் திசை இடப்பெயர்ச்சிப் படத்தையும் (ரேடார் பார்க்கும் திசையில் தரை எவ்வளவு நகர்ந்தது என்பது) மடிந்த கட்டப் படத்தையும் (அன்ராப்பிங்குக்கு முந்தைய நிற வளையங்கள்) சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்.

படி 3: திறந்ததும் எதைப் பார்ப்பது

வந்த ஜியோடிஃப் கோப்புகளை, அதாவது இடக்குறிப்போடு வரும் படக் கோப்புகளை, கியூஜிஐஎஸ்ஸில் போட்டதும் வண்ணப் படத்துக்குத்தான் மனசு ஓடும். அதற்கு முன் கோஹரன்ஸ் படத்தைத் திறங்கள். இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அந்த பிக்சல் எவ்வளவு மாறாமல் இருந்தது என்பதை 0 முதல் 1 வரை அது சொல்லும். கால்டெராவுக்குள் இருக்கும் மொட்டை லாவாப் பாறை பளிச்சென்று இருக்கும். தெற்குச் சரிவில் செடிகொடி மண்டிய பகுதி மங்கிக் கிடக்கும், கடல் சுத்தமாக இருட்டு. 0.4க்குக் கீழே இருப்பதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் நம்புவது ஆரம்பத்துக்கு நல்ல வழக்கம்.

கடல் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துத் தீவான ஃபெர்னாண்டினாவும் அதே படத்தில் வரலாம், ஆனால் நடுவில் கடல் இருப்பதால் இரண்டு தீவுகளுக்கும் வளைய எண்ணிக்கை தொடர்ச்சியாக வராது. அங்கே 4 செ.மீ., இங்கே 9 செ.மீ. என்று ஒப்பிட்டுப் பேசினால் அர்த்தமே இல்லை.

படி 4: பூஜ்யம் எங்கே?

ரேடார் தருவது எல்லாமே ஒப்பீட்டு அளவு. அதனால் அசையாத இடம் என்று ஒன்றை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சியெரா நெக்ராவுக்கு வடக்கே, ஆல்செடோ எரிமலைக்குப் போகும் வழியில் பெர்ரி பூசந்தி என்று லாவா மூடிய குறுகலான நிலம் உண்டு; கோஹரன்ஸ் நன்றாக இருக்கும், கால்டெராவிலிருந்து தள்ளியும் இருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பரப்பின் சராசரியை எடுத்து, கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் (பிக்சல் பிக்சலாகக் கணக்குப் போடும் கருவி) படம் முழுக்கக் கழித்துவிடுங்கள். இடப்பெயர்ச்சிப் படத்தில் நேர் எண் என்றால் தரை செயற்கைக்கோளை நோக்கி வந்திருக்கிறது என்று பொருள். 'மேலே' என்று அல்ல, ரேடார் சாய்வாகத்தான் பார்க்கிறது. செங்குத்து இடப்பெயர்ச்சி என்று தனியாக ஒரு கோப்பும் கேட்டு வாங்கலாம்தான், ஆனால் அது பக்கவாட்டு அசைவே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உப்பும் எரிமலையில் ஓரங்கள் பக்கவாட்டில் தள்ளப்படும், அதனால் எனக்கு அந்தக் கோப்பில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

படி 5: தரையா, காற்றா?

காற்றில் ஈரப்பதம் கூடினால் ரேடார் அலை தாமதமாகும், தாமதம் தூரம் கூடியது போலவே தெரியும். வெப்பமண்டலத்தில் இது மட்டுமே சில சென்டிமீட்டர் பொய் அசைவைக் காட்டிவிடும். மலை உயர உயர மேலே இருக்கும் காற்று குறைவதால், இந்தப் பொய் மலையின் வடிவத்திலேயே வந்து உட்காரும். பார்த்தால் அசல் வீக்கம் மாதிரியே இருக்கும். பெரிய ஆட்களே இதில் சிக்கியிருக்கிறார்கள். 1995இல் மாசொனே குழுவினர் இத்தாலியின் எட்னா மலை சுருங்குவதை இஆர்எஸ்-1 செயற்கைக்கோளின் ரேடாரில் கண்டதாக வெளியிட்ட படங்கள் இந்தத் துறைக்கே முன்னோடி. அந்த அசைவில் பெரும்பங்கு வளிமண்டலத்தால் வந்திருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மூன்று தேதிகள் எடுங்கள்: அ, ஆ, இ. அ-ஆ ஒரு ஜோடி, ஆ-இ ஒரு ஜோடி, இரண்டுக்கும் ஒரே அளவு இடைவெளி. ஆ அன்று மட்டும் காற்று மோசமாக இருந்திருந்தால் முதல் படத்தில் இறக்கமாகத் தெரிந்த இடம் இரண்டாவதில் ஏற்றமாகத் தெரியும், அதாவது குறி புரண்டுவிடும். மாக்மா சீராக ஏறிக்கொண்டிருந்தால் இரண்டிலும் ஏற்றம்தான். இரண்டு ஜோடியோடு நிற்காமல் ஆறேழு பார்த்துவிட்டால் கண்ணுக்கே பழகிவிடும்: சியெரா நெக்ராவின் அசல் வீக்கம் கால்டெராவின் விளிம்புக்குள் அடங்கி நிற்கும், காற்றின் கைவேலை சரிவெங்கும் வழியும்.

இதில் தேறியதும் எதிர்த்திசைப் பாதையில் எடுத்த ஜோடியையும் இதேபோல் செய்து பாருங்கள். ஒரு பாதையில் ரேடார் கிழக்கு நோக்கியும் மற்றதில் மேற்கு நோக்கியும் பார்ப்பதால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும். ஏற்ற இறக்கத்தையும் கிழக்கு மேற்கு அசைவையும் ஓரளவு பிரித்துவிடலாம். வடக்கு தெற்கு அசைவு மட்டும் பிடிபடாது, செயற்கைக்கோள் ஏறத்தாழ அந்தத் திசையிலேயே பறப்பதால். காடு மூடிய எரிமலைகளுக்கு, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் ரேடார் செயற்கைக்கோளைப் பாருங்கள். அதன் எல்-பேண்ட் அலை 24 செ.மீ. நீளம், இலைகளைத் தாண்டித் தரை வரை போகும், ஒரு வளையம் என்பது அங்கே 12 செ.மீ.