எவுஸ்காரா கார்ட்டூனை நம் கடற்கரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

ஸ்பெயினும் பிரான்சும் சேரும் மூலையில், பிஸ்கே விரிகுடாவின் கரையில் பாஸ்க் மக்கள் இருக்கிறார்கள். தங்கள் மொழியை அவர்கள் எவுஸ்காரா என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மட்டும் 13,53,445 பேர் இருந்தோம். எவுஸ்காரா பேசுகிற எல்லாரையும் ஒன்றுசேர்த்தாலும் அந்த எண்ணிக்கை வராது. அந்த மொழியில் கைக்குழந்தைக்குத் தனியாக, பத்தாம் வகுப்புப் படிக்கிறவர்களுக்குத் தனியாக நிகழ்ச்சி எடுக்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள், ஜப்பான் கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கிறார்கள். மண்டபத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு இரண்டு கோடை விடுமுறையாக இவற்றைப் பார்த்து வருகிறேன். பார்த்து முடித்ததும் ஒலியை அணைத்துவிட்டு, அதே காட்சிக்கு நம் ஊர்ப் பேச்சில் அவர்களையே பேச வைக்கிறேன். இந்த இரண்டாவது பாதிக்காகத்தான் முதல் பாதியே. எப்படிச் செய்கிறாய் என்று சிலர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

"புரியாத மொழியில் பிள்ளைகள் என்னத்தைப் பார்க்கும்?" என்று கேட்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ரூபவாகினி பற்றிக் கேளுங்கள். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியது, நம் கரையில் உயரக் கம்பம் நட்டு ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்து அதைப் பிடித்தார்கள், சிங்களம் ஒரு வார்த்தை தெரியாமல் நாடகம் முழுவதையும் பார்த்து அழுதவர்கள் உண்டு. அதே 1982 டிசம்பர் 31 அன்றுதான் பாஸ்க் தொலைக்காட்சியும் முதல்முறையாக ஒளிபரப்பானது. ஸ்பெயினில் 1975 வரை நீடித்த சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் எவுஸ்காராவுக்குப் பள்ளியில் இடமில்லை, அரசு அலுவலகத்தில் இடமில்லை. பெற்றோர்களே சேர்ந்து இகஸ்தோலா என்ற பள்ளிகளை நடத்தித்தான் பிள்ளைகளுக்கு மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் கார்ட்டூன் ஸ்பானிஷில் பேசியது. பள்ளிக்கூடத்து மொழி விளையாட்டு மொழியாக வேண்டுமானால் கார்ட்டூனும் அந்த மொழியில் பேச வேண்டும் இல்லையா. டிராகன் பால் என்ற ஜப்பான் கார்ட்டூன் அங்கே 'டிராகோய் போலா' ஆகி, ஒரு தலைமுறையே பள்ளி விட்டதும் அதைப் பார்க்க ஓடியது. 2008-இல் மூன்றாவது அலைவரிசை ஒன்றைக் குழந்தைகளுக்கும் இளையவர்களுக்கும் என்றே எவுஸ்காராவில் தொடங்கினார்கள்.

சரி, எங்கே பார்ப்பது? அந்தப் பாஸ்க் தொலைக்காட்சி நிறுவனத்தின் பெயர் ஈ, ஐ, டி, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அவர்களுக்கு இரண்டு இணையத் தளங்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு 'மாகுசி' (எம், ஏ, கே, யு, எஸ், ஐ என்று தட்டுங்கள்), மற்ற எல்லாருக்கும் 2023-இல் வந்த 'ப்ரிமெரான்' (பி, ஆர், ஐ, எம், ஈ, ஆர், ஏ, என்). வெளியிலிருந்து வாங்கிய கார்ட்டூன்கள் சில உரிமைச் சிக்கலால் நம் நாட்டில் திறக்காது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அவர்களே சொந்தமாக எடுத்தவற்றைத் தேடுங்கள், நமக்கு வேண்டியதும் அதுதான். யூடியூபிலும் பாட்டுகள் நிறையக் கிடைக்கும். நேரலைக்குக் காத்திருக்காதீர்கள். அவர்கள் கடிகாரம் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் ஓடுகிறது, அங்கே சாயங்காலம் ஆறு என்றால் இங்கே பிள்ளைகள் தூங்கப் போகிற நேரம்.

எதில் தொடங்குவது என்பதில் நான் முதலில் தவறு செய்தேன். கதை நிறைய உள்ள தொடர் ஒன்றைப் போட்டேன், பத்து நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் கோமாளிகளில் தொடங்குங்கள். பிர்ரிச், பொர்ரொச், மாரிமொதொட்ஸ் என்று மூன்று பேர் இருக்கிறார்கள், பாஸ்க் நாட்டில் இவர்களைத் தெரியாத குழந்தை இருக்காது. இவர்களுக்கும் முன்னால் ச்சிர்ரி, மிர்ரி, ச்சிரிபிதோன் என்ற மூவர். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் பாட்டு, கூடவே கை அசைவு, அதனால் மூன்றாவது முறை நம் பிள்ளையும் சேர்ந்து பாடும். 'இர்ரி' என்றால் அவர்கள் மொழியில் சிரிப்பு. நம் 'சிரி'யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல் ஒட்டிக்கொண்டுவிடும்.

எட்டு வயதுக்கு மேலே என்றால் டோரேமான். தமிழில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆன கதை, அது எவுஸ்காராவிலும் உண்டு. இணையத்தில் ஒரு துண்டு கிடைத்தாலும் போதும், நோபிதா எதற்கு அழுகிறான் என்று நம் பிள்ளைக்குத் தெரியும், அதனால் காது முழுவதும் மொழியின் மேலே இருக்கும்.

இனி காதைப் பழக்குவது. எழுத்து ஆங்கில எழுத்துதான், ஒலி வேறு. டி-யும் எக்ஸும் சேர்ந்து வந்தால் 'ச்ச', எக்ஸ் தனியே வந்தால் 'ஷ', இசட் வந்தால் 'ஸ', எச் பெரும்பாலும் ஊமை. இரட்டை ஆர் வந்தால் நாக்கை நன்றாக உருட்ட வேண்டும். இதற்கு மேல் விதி சொல்லாதீர்கள், வகுப்பாகிவிடும். முதல் வாரம் ஆறு சொல் போதும்: கைஷோ (வணக்கம்), அகுர் (போய்வருகிறேன்), பய் (ஆமாம்), எஸ் (இல்லை), அமா (அம்மா), அய்தா (அப்பா). சொல் காதில் விழுந்ததும் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. 'அமா' வரும்போது எல்லாக் கையும் மேலே போகும்.

இரண்டாவது வாரம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'எச்சே' என்றால் வீடு. எச்சேரா என்றால் வீட்டுக்கு, எச்சேஆன் என்றால் வீட்டில், எச்சேதிக் என்றால் வீட்டிலிருந்து. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டு, நம்மைப் போலவே. வாக்கிய வரிசையும் பெரும்பாலும் நம்முடையதுதான், வினை கடைசியில் வந்து உட்காரும்: 'நி எச்சேரா நோஆ', நான் வீட்டுக்குப் போகிறேன். இதில் 'நி' என்றால் 'நான்' என்று சொன்னபோது எங்கள் கூட்டத்தில் பெரிய சண்டையே வந்தது, "அது நீதானே, எப்படி நானாகும்?" என்று ஒருவன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலப் பாடத்தில் வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடித்துத் திணறுகிற பிள்ளை இங்கே ஒவ்வொரு சொல்லையும் அதே இடத்தில் வைத்துத் தமிழாக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். ஆனால் இதை வைத்து எவுஸ்காரா தமிழிலிருந்து போனது என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். உலகில் எந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை, அது தனிமொழி. ஒட்டுப் போடும் மொழிகள் துருக்கி, ஜப்பான் என்று எத்தனையோ இருக்கின்றன. அமைப்பு ஒத்துப்போவது வேறு, சொந்தம் வேறு, இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சரியாகச் சொன்னால் அதுவே நல்ல பாடம்.

கடல் வரும் காட்சி கிடைத்தால் விடாதீர்கள். அவர்களும் கடற்கரைக்காரர்கள்தான், நெத்திலி வகை மீனும் சூரையும் பிடிக்கிறவர்கள். நெத்திலி போன்ற அந்த மீனுக்கு 'அன்ச்சோஆ' என்று பெயர். ஒரு வகைச் சூரைக்கு 'எகலுசே', அதாவது நீண்ட சிறகு என்று பொருள். கடல் 'இட்சாசோ'. கப்பல் 'இட்சாசொன்ட்சி', அதில் 'ஒன்ட்சி' என்பது பாத்திரத்துக்கும் சொல்வது, ஓடத்துக்கும் சொல்வது. நம் 'கலம்' என்ற சொல்லும் அப்படித்தானே, சோறு வைத்தாலும் கலம், கடலில் மிதந்தாலும் கலம். இதைச் சொன்ன அன்று வலை பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், அப்பாக்கள் கரையில் இருக்கும் நாட்கள், பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். தொடங்குவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

அப்புறம் குரல் கொடுப்பது. ஒன்றரை நிமிடக் காட்சி போதும், அதற்கு மேல் எடுக்காதீர்கள், ஒன்றரை நிமிடத்துக்கே இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு போனில் காட்சி ஒலியில்லாமல் ஓடட்டும், இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். நம் ஊரில் காற்றுதான் எதிரி. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போர்வையைத் தொங்கவிட்டு அதற்குள் உட்கார வையுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். பதிவானதை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய படத்தோடு சேர்த்து இணையத்தில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

பேசத் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும், யார் யாரை எப்படி அழைப்பது. இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். எவுஸ்காராவில் நெருங்கிய நண்பர்களுக்குள் பேசும் ஒரு முறை இருக்கிறது, 'இகா' என்பார்கள். அதில் கேட்பவர் ஆணா பெண்ணா என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும், நம் 'டா', 'டி' மாதிரி. பல ஊர்களில் அந்தப் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது, அதை இளைஞர்கள் திரும்பப் பழகுகிறார்கள். நம் பிள்ளைகளிடம் முதல் நாள் குரல் கொடுக்கச் சொன்னபோது எல்லாரும் டப்பிங் கார்ட்டூன் தமிழில் பேசினார்கள். "நண்பர்களே, இது ஒரு அற்புதமான திட்டம்" என்கிறான், பாம்பன் பாலத்துக்குக் கீழே வத்தைப் படகு தள்ளுகிற வீட்டுப் பையன். அவன்மேல் தவறில்லை, கார்ட்டூன் என்றால் அப்படித்தான் பேசும் என்று காது பழகிவிட்டது. 2007-இல் சுட்டி டிவி வந்ததிலிருந்து தமிழ்க் கார்ட்டூனுக்குக் குறைவில்லை, ஆனால் அதில் நம் கரையின் பேச்சு எங்கே இருக்கிறது? ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரத்தின் அடியிலேயே வாழ்கிற பிள்ளைக்குத் தன் வீட்டுப் பேச்சு டிவியில் வரக்கூடியது என்று தோன்றவே இல்லை.

அதனால் நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: "இதையே உன் தம்பியிடம் எப்படிச் சொல்வாய்?" அவ்வளவுதான், உடனே மொழி மாறும். காட்சியில் பாட்டி வந்தால் ஒரு பிள்ளைக்கு அப்பத்தா. கீழக்கரையிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு அப்பா வாப்பா, அண்ணன் காக்கா. இதில் எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள், யார் அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கிறார்களோ அவர்கள் வீட்டு வழக்கு. காற்று அடிக்கிற காட்சிக்கு வெறும் 'காற்று' என்றால் விடாதீர்கள், வாடையா, கச்சானா, கொண்டலா, சோழகமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தாத்தாவிடம் ஓடிப்போய்க் கேட்டு வரட்டும், பதிவு காத்திருக்கும். பெரியவர்கள் இதைக் கேட்டுப் பழக வேண்டுமானால் பாம்பனின் 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4-இல் இருக்கிறது, மீனவர்களுக்கான வானொலி.

'அகுர்' என்ற சொல்லுக்குத்தான் நாங்கள் அரை மணி நேரம் சண்டை போட்டோம். ஒருத்தி 'பை' என்றாள். ஒருவன் 'போறேன்' என்றான். "அப்படிச் சொல்லாதே, கடலுக்குப் போகிறவர் வீட்டில் போறேன் என்று சொல்லக் கூடாது" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதட்டியது. 'போயிட்டு வாறேன்' என்று பதிவானது.

பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்கள் கோமாளிக்கு உட்கார மாட்டார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்களுக்கு 'கோஅசென்' என்ற தொடர் இருக்கிறது, 'போவோம்' என்று பொருள், 2014-இல் தொடங்கியது. கோடை முகாமில் சேர்ந்த பிள்ளைகள், பாட்டு, நடனம், கொஞ்சம் காதல், கொஞ்சம் பொறாமை. முழுத் தொடரைப் பார்க்கச் சொல்ல வேண்டாம், ஒரு பாட்டைக் கொடுத்து அதே மெட்டுக்கு நம் பேச்சில் வரி எழுதச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பெண்கள் கடற்பாசி எடுக்கப் போகும் தங்கள் அம்மாக்களை வைத்து எழுதினார்கள். முதல் வரியே அம்மா கையில் சுற்றுகிற துணியைப் பற்றி. அதை நான் இங்கே எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் பாட்டு, அவர்கள்தான் வெளியிட வேண்டும்.

ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, பேசியவரின் வயது, எந்தக் காட்சி என்று பெயரிட்டுச் சேமியுங்கள். போன் மாறும்போது இவைதான் முதலில் தொலைந்துபோகும், போன வருடத்துப் பதிவுகள் நான்கு எனக்கு அப்படிப் போயின. இப்போது மெமரி கார்டில் ஒன்று, தங்கச்சி வீட்டு லேப்டாப்பில் ஒன்று என இரண்டு இடத்தில் வைக்கிறேன்.