கட்டிக்குள் இருக்கும் எதிர்ப்பு செல்கள்: கணக்குப் போடும்போது வரும் தவறுகள்

பயாப்ஸி அறிக்கையில் 'லிம்போசைட் ஊடுருவல்' என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் ஒருவர், "ஐயோ, பரவிடுச்சா?" என்று பதறுவார். விவரம் தெரிந்த இன்னொருவர், "உடம்பு எதிர்த்துப் போராடுது, இனி பயமில்லை" என்பார். இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். லிம்போசைட் என்பது வெள்ளை அணு, புற்றுச் செல் அல்ல. ஆனால் கட்டிக்குள் வந்த வெள்ளை அணு எல்லாமே கட்டியை எதிர்க்க வந்தவை என்றும் சொல்லிவிட முடியாது.

அவற்றை ஒரே கூட்டமாக எண்ணுவதுதான் பெரிய தவறு. லிம்போசைட்டில் ஒரு வகைதான் டி செல். அதிலும் பிரிவுகள் உண்டு. சிடி8 டி செல்கள் புற்றுச் செல்லைத் தேடிக் கொல்பவை. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அவற்றை அடக்கி வைப்பவை. நம் எதிர்ப்பாற்றல் நம் உடம்பையே தாக்காமல் காப்பது இந்த இரண்டாவது வகைதான். அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆனால் கட்டிக்குள் அதே அடக்கும் வேலை புற்றுக்குக் காவலாகிவிடுகிறது.

2005-இல் வெளியான ஓர் ஆய்வு, சினைப்பைப் புற்றுநோய் வந்த 117 பேரின் கட்டிகளை எடுத்துப் பார்த்தது. டி செல்களின் மொத்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தபோது ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. ஒழுங்குபடுத்தும் செல்களுக்கு எதிரே சிடி8 எத்தனை என்று பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது: விகிதம் அதிகமாக இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 58 மாதம், குறைவாக இருந்தவர்களுக்கு 23 மாதம்.

இந்த 23-ஐக் கெடு தேதியாகப் படிப்பதும் தவறு. இடைநிலை என்றால் அந்தக் குழுவில் பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள் என்று பொருள். தனி ஒருவருடைய ஆயுளை அது சொல்லாது.

அடுத்தது, செல்கள் எங்கே நிற்கின்றன என்பதை விட்டுவிடுவது. சாயமேற்றிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிடி8 செல்கள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சில கட்டிகளில் புற்றுத் திட்டுகளைச் சுற்றியுள்ள நார்த்திசுவில் வரிசையாக நின்றிருக்கும், ஆனால் திட்டுக்குள் ஒன்றுகூட நுழைந்திருக்காது. வாசலில் நிற்கும் கூட்டத்தை உள்ளே வந்த கூட்டமாகக் கணக்கெழுதக் கூடாது. பெருங்குடல் புற்றுநோய்க்கான இம்யூனோஸ்கோர் அளவீடு, கட்டியின் நடுப்பகுதியையும் விளிம்பையும் தனித்தனியாக எண்ணுவது இதனால்தான்.

சரி, இதே கணக்கு எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்துமா? பொருந்தாது. பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் செல்கள் அதிகமாக இருந்தவர்கள் நன்றாக இருந்ததாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன. சிறுநீரகப் புற்றின் ஒரு வகையில் சிடி8 கூடியிருப்பதே கெட்ட அறிகுறியாக வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வரும் நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதத்தையும் (நியூட்ரோஃபில் இன்னொரு வகை வெள்ளை அணு) இதோடு குழப்ப வேண்டாம். அது ரத்தத்தின் கணக்கு. ஸ்டீராய்டு எடுத்தாலோ தொற்று வந்தாலோ மாறிவிடும்.

"எதிர்ப்பு சக்தியை ஏத்தினா போதும்" என்ற நினைப்புதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் செக்பாயின்ட் தடுப்பு மருந்துகள் டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகின்றன. பலருக்கு அது ஆயுளைக் கூட்டியிருக்கிறது. ஆனால் பிரேக் போன செல்கள் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் தாக்கக்கூடும். இந்த மருந்து ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் வழக்கத்தைவிட நான்கைந்து முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு போனால், 'சாப்பாடு ஒத்துக்கல' என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.