பிரஷர் உள்ளவர்கள் கொலஸ்ட்ரால் விஷயத்தில் செய்யும் தவறுகள்

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் 'மொத்த கொலஸ்ட்ரால்' வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் முதல் தவறு. மொத்தம் 195, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 32, டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 240 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 200-க்குள்தானே என்று தோன்றும். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லைக் கழித்தால் 163. ரத்தக் குழாயில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் முழுவதும் இந்த எண்ணில்தான் அடங்குகிறது. இது 130-க்குள் இருப்பது நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இன்னும் குறைய வேண்டும். இந்தக் கணக்குக்கு வெறும் வயிறுகூட அவசியமில்லை. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் 9 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து மறுபடி எடுங்கள்.

பிரஷர் மாத்திரை கொழுப்பைக் குறைக்காது. அழுத்தம் குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது, கெட்ட இடத்தில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) சுலபமாகப் புகுந்துகொள்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் வேண்டும்.

அடுத்தது எண்ணெய். குமரி மாவட்டத்தில் இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பது உண்மைதான்; எந்தத் தாவர எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. எல்டிஎல்லை ஏற்றுவது அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு. இரண்டு மேசைக்கரண்டியில் சுமார் 24 கிராம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு மேல்வரம்பே 22 கிராம்தான். தீயலுக்கு வறுத்து அரைக்கும் தேங்காயும், நேந்திரங்காய் சிப்ஸும் இதோடு கூடுதலாகச் சேரும். தாளிக்க ஒரு டீஸ்பூன் போதும், மற்றதற்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வையுங்கள்.

சாளையை (மத்தி மீன்) குழம்பாக வைத்துச் சாப்பிட்டால் நல்லது. அதையே தேங்காய் எண்ணெயில் பொரித்தால் பாதிப் பலன் போச்சு. கருவாடு உப்பால் பிரஷரை ஏற்றும்.

டிரைகிளிசரைடு ஏறினால் எண்ணெயை மட்டும் குறை சொல்வார்கள். ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), அதோடு சோறு, சர்க்கரை போட்ட சாயா, சாயங்காலம் மது: இவைதான் பெரும்பாலும் காரணம்.

ரிப்போர்ட் நார்மலாகிவிட்டதென்று, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நார்மலானதே மாத்திரையால்தான், நிறுத்திய சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே போய்விடும். ஆரம்பித்த 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்து, அளவு போதுமா என்று பாருங்கள். தசை வலித்தால் டாக்டரிடம் சொன்னால் மாத்திரையையோ அளவையோ மாற்றித் தருவார். வலியோடு சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.